காட்டோர ஊருக்கு உதவப் போகும் கிளப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வேட்டை கிளப் என்று பெயர் வைத்துக்கொண்டு இன்றைக்கு யாரும் வேட்டைக்குப் போவதில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. ஆனால் அந்தக் காலத்து வேட்டைக் கூட்டாளிகளின் பிள்ளைகளும் பேரன்களும் இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: ரைஃபிள் ரேஞ்சில் குறி பார்த்துச் சுடுவது, சனி ஞாயிறு ஜீப்பை எடுத்துக்கொண்டு கனகபுரா ரோட்டில் கிளம்புவது, கேம்ப் போட்டுப் பழைய புலிக்கதை பேசுவது என்று. அல்சூர், மர்ஃபி டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் இப்படிப்பட்ட குழுக்களில் நம் தமிழ் ஆட்கள் நிறைய. வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னாலோ டிசம்பர் கடைசியிலோ, "இந்த வருஷம் ஏதாவது நல்லது பண்ணணும்" என்று ஒருவர் வாட்ஸப்பில் போடுவார். சில நாளில் அரிசி மூட்டை, போர்வை, பேனர் எல்லாம் தயாராகிவிடும், மாதேஸ்வரன் மலைப் பக்கமோ பிலிகிரிரங்கன் மலைப் பக்கமோ பன்னேர்கட்டா காட்டோரமோ ஒரு ஊர் சிக்கும்.

நோக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம்தான், கண்மூடித்தனமாகச் சுட்டால் சுட எதுவுமே மிஞ்சாது என்று கட்டுப்பாடு கேட்டு நின்று, பிற்பாடு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாகவே மாறியது. ஆகவே துப்பாக்கி பிடித்த கை நல்லது செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கல் வேறு. நகரத்தில் யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு பொருள் காட்டோரத்தில் கெடுதல் செய்யும், அதுவும் கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பி ஃபோட்டோ போட்ட பிறகு செய்யும்.

இறைச்சி தானம் என்ற ஆசை

அமெரிக்காவில் வேட்டை கிளப்புகள் மான் இறைச்சியை ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குக் கொடுக்கின்றன. 1997 முதல் மேரிலாந்திலிருந்து இதற்கென்றே ஓர் அமைப்பு இயங்குகிறது, வேட்டையாடியவர் மானைக் கசாப்புக் கடையில் இறக்கிவிட்டால் வெட்டிப் பொட்டலம் கட்டும் கூலியை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இதை யூடியூபில் பார்த்துவிட்டு, கேரளாவில் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கிறார்களாமே, நம் கிளப்பில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே, சுட்டுக் கொடுத்தால் விவசாயிக்கும் நல்லது ஊருக்கும் கறி என்று ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார்.

அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேரளாவில் 2022 முதல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் சுட்ட பன்றியைப் புதைத்தாக வேண்டும், சாப்பிடக்கூடாது. அதுவும் அந்த மாநிலத்து ஏற்பாடு, மைசூர் பக்கம் செல்லாது. சட்டத்தில் வேட்டை என்பதற்குள் சுடுவது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, முயற்சி செய்வது கூட அடங்கும். ஊருக்குள் வந்த மலைப்பாம்பை நாமே பிடித்துச் சாக்கில் போட்டு ஜீப்பில் ஏற்றினால் அதுவும் அந்தக் கணக்கில்தான் வரும். விருந்து என்று ஊர்க்காரர் காட்டுக்கறி வைத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள், நீங்கள் பெங்களூர் போய்விடுவீர்கள், கேஸ் அவர் மேல் நிற்கும்.

அனுமதி உள்ள இடத்தில் கூட இறைச்சி தானம் லேசான காரியம் இல்லை. 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு டாக்டர், தானமாக வந்த கொத்துக்கறிப் பொட்டலங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். குண்டிலிருந்து சிதறிய ஈயத்துகள்கள் தெரிந்தன. மாநில சுகாதாரத் துறை, உணவு வங்கிகளில் இருந்த அந்த இறைச்சியைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டது. பல வருடமாக நல்ல மனதோடு கொடுத்த பொருள், யாரும் அதுவரை சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அரிசி மூட்டை

25 கிலோ அரிசி மூட்டை கிளப்புகளுக்கு ரொம்பப் பிடித்த தானம். கணக்கு சுலபம், அடுக்கி வைத்தால் ஃபோட்டோவில் நிறைவாக இருக்கும். ஆனால் யானைக்கு அரிசி வாசனையும் உப்பு வாசனையும் நன்றாகத் தெரியும். வால்பாறையில் யானைகள் ரேஷன் கடையையும் பள்ளிக்கூடச் சத்துணவு அறையையும் உடைத்து அரிசியை எடுப்பது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. காட்டை ஒட்டி மண்சுவர் வைத்த வீட்டில், ஒரே நாளில் ஊர் முழுக்க வீட்டுக்கு ஒரு மூட்டை இறக்கினால் அந்த வாரம் இரவில் யார் கதவைத் தட்டும் என்று யோசித்துப் பாருங்கள். ராகி முற்றுகிற அக்டோபர் முதல் டிசம்பர் வரை யானை எப்படியும் வயல் பக்கம் வரும் காலம், நம் தீபாவளி தானமும் அதே நேரத்தில்தான் போய் இறங்குகிறது!

இதில் இன்னொன்று. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ தானியம் ரேஷனில் வருகிறது. பல வீடுகளில் குறைவது அரிசி இல்லை, பருப்பும் எண்ணெயும்தான். சில குடும்பங்களுக்கு கார்டே இருக்காது, அல்லது கார்டு இருந்தும் கைரேகை பதியாமல் ரேஷன் நின்றுபோயிருக்கும். அந்தக் குடும்பத்துக்கு ஒரு மூட்டை கொடுப்பதைவிட, தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் கார்டைச் சரி செய்து கொடுத்தால் மாதாமாதம் வரும். ஆனால் அதை ஃபோட்டோ எடுத்தால் கியூவில் நிற்கிற மாதிரிதான் இருக்கும், அதனால்தான் யாரும் செய்வதில்லை என்பது என் சந்தேகம்.

ராணுவப் புள்ளி உடை, திறந்த ஜீப்

இது வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றவே தோன்றாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிளப் ஆட்கள் காட்டுக்குப் போகிறோம் என்றதும் பச்சைப் புள்ளி போட்ட உடை, தொப்பி, பூட்ஸ் என்று கிளம்புவார்கள். மாதேஸ்வரன் மலை, பாலாறு, கோபிநத்தம், ஹனூர் வட்டாரத்து ஊர்களில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்த உடை எதை நினைவுபடுத்தும் என்று சொல்வார்கள். வீரப்பனைத் தேடிய வருடங்களில் இரண்டு மாநில அதிரடிப்படைகளும் இந்த ஊர்களில் விசாரணை என்ற பெயரில் செய்ததாக எழுந்த புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் கொடுக்கச் சொன்னது. வீரப்பன் 2004 அக்டோபரில் செத்துப்போனான், ஆனால் ஜீப்பில் வந்து இறங்கி வரிசையில் நில்லுங்கள் என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் பின்வாங்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

எனவே சாதாரண சட்டை, பேண்ட் போதும். ரைஃபிள் கிளப் என்பதால் துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டு போகிற கெத்து வேலை அறவே கூடாது, சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். ஊர் சரணாலயத்துக்கு உள்ளே இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், செக்போஸ்டில் நின்றுகொண்டு எனக்கு அவரைத் தெரியும் இவரைத் தெரியும் என்று ஆரம்பிக்க வேண்டாம்.

அதே கோபிநத்தத்தில் வேறு மாதிரி நினைவும் இருக்கிறது. வீரப்பனின் சொந்த ஊரான அங்கே போய்த் தங்கி வேலை பார்த்த வன அதிகாரி ஸ்ரீனிவாஸ், ஊர்க்காரர்களுக்கு மருத்துவ வசதிக்கு ஏற்பாடு செய்தார், மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். 1991 நவம்பரில், சரணடைகிறேன் என்று சொல்லி வரவழைத்து வீரப்பன் அவரைக் கொன்றான், பிறகு அவருக்கு கீர்த்தி சக்ரா என்ற வீர விருது கிடைத்தது. வனத்துறைக்காரர் கோயில் கட்டுவது எந்தத் திட்ட அறிக்கையிலும் இருந்திருக்காது. ஊர் கேட்டது அது.

கேட்பது என்றால், ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் ஊர்த் தலைவரிடம் "என்ன வேணும் சொல்லுங்க" என்பது இல்லை. அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் ஊரில் இருக்கமாட்டார்கள். சோளகர் பழங்குடியினரின் குடியிருப்புகளில் (அவற்றை அவர்கள் "போடு" என்பார்கள்) காபி பறிக்கும் மாதங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். சாயங்காலம் போங்கள், பெண்களிடம் தனியாகப் பேச உங்கள் குழுவில் பெண்கள் போகட்டும், ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற ஆட்கள் யார் என்று விசாரியுங்கள். பிலிகிரிரங்கன் மலையில் டாக்டர் சுதர்சன் 1981இல் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் இருக்கிறது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துகிறார்கள். அவர்கள் இருக்கிற இடத்தில் நாம் போய் இன்னொரு மருத்துவ முகாம் போடுவது தேவையா என்பதை அவர்களையே கேட்டுவிடலாம்.

பழைய துணி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரம் மலை மாதிரி குவிந்து கிடந்த துணியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மீனவப் பெண்கள் கட்டாத துணி, ஒற்றைச் செருப்பு, ஜிப் போன பேண்ட். நீங்கள் உங்கள் தம்பிக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்றால் அங்கேயும் கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தரம் பிரிக்கத் தெரிந்த அமைப்பிடம் கொடுங்கள். டெல்லியில் 1999இல் தொடங்கிய கூஞ்ச் இதையே முழுநேர வேலையாகச் செய்கிறது, துணியைச் சும்மா வீசாமல் ஊர் மக்கள் சேர்ந்து குளம் தூர்வாருவது, பாதை போடுவது போன்ற வேலைக்குப் பதிலாகக் கொடுக்கிறார்கள். வன வாட்சர்களுக்கு ஷூவும் மழைக்கோட்டும் கொடுப்பது நல்ல யோசனை, பலர் ஒப்பந்தக் கூலியில் இருப்பவர்கள். ஆனால் அளவு கேட்டு வாங்குங்கள், எல்லாருக்கும் 9ஆம் நம்பர் என்று மொத்த விலையில் வாங்கிப் போனால் வாட்சர் பழைய செருப்போடுதான் ரோந்து போவார்.

ஒரு நாள் மருத்துவ முகாம், பாம்புக்கடி

ஒரு நாள் முகாமில் பிரஷர் பார்த்து, அதிகமாக இருக்கிறது என்று சொல்லி, பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறார்கள். பதினொன்றாவது நாள் அவர் என்ன செய்வார்? அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அங்கே அவர் பெயரைப் பதிந்து சீட்டு போட வைப்பதுதான் முகாமின் வேலையாக இருக்க வேண்டும். முகாம் தேதியை அந்த நிலையத்து டாக்டரிடமும் ஆஷா பணியாளரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். டாக்டர் நண்பரின் மேசையில் மிஞ்சிய சாம்பிள் மருந்தைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போவதும் வேண்டாம். தானமாகக் கொடுக்கும் மருந்துக்குக் குறைந்தது ஒரு வருடம் ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சோளகர், இருளர் மத்தியில் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு, 2023 முதல் மத்திய அரசே அதற்குத் தனித் திட்டம் நடத்துகிறது. ரத்தம் எடுத்துவிட்டு முடிவைச் சொல்லாமல் போன முகாம்கள் ஊரில் கெட்ட பெயர் வாங்கியிருக்கின்றன, அதன் பிறகு அரசு நர்ஸ் வந்து ஊசி எடுத்தாலும் கை நீட்டமாட்டார்கள்.

பாம்புக்கடி விஷயத்தில்தான் கிளப்புகள் உண்மையிலேயே பெரிய காரியம் செய்ய முடியும், அங்கேதான் தவறும் அதிகம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சராசரியாக வருடத்துக்கு 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் கிராமத்தில். கர்நாடகம் 2024 பிப்ரவரியில் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது, நாட்டிலேயே முதலாவதாக.

சரி, கிளப் என்ன செய்கிறது? விஷமுறிவு மருந்துக் குப்பி நாலு வாங்கி ஊர்த் தலைவர் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறது. அல்லது கயிறு, பிளேடு, உறிஞ்சும் பம்பு எல்லாம் போட்ட கிட் ஒன்றை விழா எடுத்துக் கொடுக்கிறது. இரண்டும் ஆபத்து. விஷமுறிவு மருந்தை டாக்டர்தான் ஏற்ற வேண்டும். ஆரம்பத்திலேயே 8 முதல் 10 குப்பி தேவைப்படும், சிலருக்கு மருந்தே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும், அதற்கு உடனே அட்ரினலின் போட ஆள் இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் முதலுதவி. கடித்த பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப் போகவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம்மிடம் இருக்கிறது. மருந்துக்கான விஷம் பெரும்பாலும் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

அப்போது கொடுக்க வேண்டியது எது என்றால், முதலில் கொசுவலை. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல சமயம் வலியே இருக்காது, விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்குவது என்று தெரியவரும். நேபாளத்தின் தென்கிழக்கில் நடந்த ஆய்வில் வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து தெளிவாகவே குறைந்தது. வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் செருக வேண்டும், அதைச் செய்து காட்டுங்கள். அப்புறம் டார்ச், கால் முட்டி வரை வரும் கம்பூட்ஸ்.

அடுத்தது வண்டி. இதே நேபாளத்தில் டமக் என்ற ஊரைச் சுற்றி, பாம்பு கடித்தால் உடனே பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்க உள்ளூர் பைக்காரர்களை ஏற்பாடு செய்தார்கள், கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்வார். கடிபட்டவர்களில் இறப்பு விகிதம் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு வந்தது. புது மருந்து இல்லை, புது டாக்டர் இல்லை, பைக்கும் பெட்ரோலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற ஃபோன் நம்பரும் மட்டும். ஜீப்பைப் பற்றி விடிய விடியப் பேசுகிற கிளப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது. ஆனால் நம் ஜீப் பெங்களூரில் நிற்கிறது, ஊர் 200 கிலோமீட்டருக்கு அப்பால். அதனால் ஊரில் பைக் வைத்திருக்கிற நாலு பேருக்குப் பயிற்சி, பெட்ரோல் காசு, எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் டாக்டரும் மருந்தும் இருக்கும் என்று முன்பே விசாரித்து எழுதிய ஒரு தாள், இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். கிட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் அங்கிருந்து அடுத்ததற்கு அனுப்புவதில்தான் நேரம் போகிறது.

நஷ்டஈட்டுக் காகிதம்

யானை ராகியை மிதித்துவிட்டது, சிறுத்தை ஆட்டை அடித்துவிட்டது என்றால் கிளப் உறுப்பினர்கள் பையில் கைவிட்டு ஐயாயிரம் கொடுப்பார்கள். தப்பில்லை. ஆனால் அரசு நஷ்டஈடு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் ஏராளம். நிலப் பத்திரம் அப்பா பெயரில் இருக்கும், ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருக்கும், வன ஊழியர் வந்து சேதத்தைப் பார்த்து மகஜர் எழுதும் முன் வயலைச் சுத்தம் செய்திருப்பார்கள், செத்த மாட்டை இழுத்துப் போட்டிருப்பார்கள். பந்திப்பூர், நாகரஹொளே பக்கம் 2015இல் பெங்களூரின் வனவிலங்கு ஆய்வு மையம் தொடங்கிய வைல்ட் சேவே என்ற திட்டம் இந்த ஒரு வேலையைத்தான் செய்கிறது: விவசாயி இலவச எண்ணுக்கு ஃபோன் செய்தால் ஆள் வந்து படம் எடுத்து, காகிதம் சேர்த்து, விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறார்.

இதற்கும் காட்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. 2025 ஜூனில் மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு பெண் புலியும் நாலு குட்டிகளும் செத்துக் கிடந்தன, செத்த மாட்டின் உடலில் விஷம் வைத்திருந்தார்கள். மாட்டை இழந்தவருக்குக் கோபம் ஆறும் முன் பணம் வந்து சேர வேண்டும். உங்கள் கிளப்பில் ரிடையர்டு தாசில்தார், வக்கீல், பாங்க் மேனேஜர் யாராவது கட்டாயம் இருப்பார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களை ஊரில் உட்கார வைத்து, ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், பஹணி என்ற நிலப் பதிவேட்டு நகல் எடுக்கும் செலவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர்வைக்குச் செலவழித்த பணத்தில் இது ஒரு வருடம் ஓடும்.

வேலி போட்டுத் தருகிறோம் என்று கம்பிச்சுருள் வாங்கிக் கொடுக்காதீர்கள். முறையான சோலார் வேலியில் மின்சாரம் துடிப்பாக விட்டுவிட்டு வரும், அடிக்கும், கொல்லாது. சும்மா கம்பி கிடைத்தால் ராத்திரியில் யாராவது கரண்ட் லைனிலிருந்து நேராகக் கொக்கி போடுவார்கள், அதில் யானையும் சாகும், பக்கத்து வயல்காரரும் சாவார்.

குழந்தைகள், நாய்கள்

சாக்லேட்டை வண்டியிலிருந்து வீசாதீர்கள். இது எழுத வேண்டிய விஷயமா என்று தோன்றும், ஆனால் இன்னும் நடக்கிறது. குரங்குக்கு வாழைப்பழம் போடுவதும் அதே ரகம், அடுத்த வண்டிக்காரர் கையிலிருந்து குரங்கு பிடுங்கும்போது நாம் இருக்க மாட்டோம். குழந்தைகளைப் பொருளோடு நிற்க வைத்து முகம் தெரியப் படம் எடுக்க வேண்டாம், நன்கொடையாளருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பில்லும் பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் போதும். புத்தகம் வாங்குவதானால் பாட மொழியைக் கேளுங்கள். கோபிநத்தம் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். நாம் தமிழர்கள் என்ற உற்சாகத்தில் தமிழ்க் கதைப் புத்தகமாக அள்ளிக்கொண்டு போனால் பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். கொஞ்சம் தமிழும் இருக்கட்டும், ஆனால் வகுப்புக்குக் கன்னடம்தான் உதவும்.

வேட்டை பாரம்பரியம் உள்ளவர்களுக்கு நாய் மேல் பிரியம் ஜாஸ்தி, தங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். காட்டோரத்துக்கு அது வேண்டாம். நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது, அந்தச் சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. மாறாக ஊர் நாய்களுக்கு ரேபீஸ், டிஸ்டெம்பர் தடுப்பூசி முகாம் நடத்தினால் மனிதருக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது. கால்நடை மருத்துவரோடு போங்கள், ஊசி மருந்து ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும், அடுத்த வருடமும் வர வேண்டும்.

பணம் வசூல்

பொருளாளரின் சொந்த ஜிபே நம்பரில் வசூல் செய்வதை முதலில் விடுங்கள். ஆள் நல்லவராகவே இருந்தாலும் வருமானவரி நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். கிளப் சங்கமாகப் பதிவு ஆகியிருந்தாலும், நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பதிவைத் தனியாக வாங்க வேண்டும், அது இல்லாமல் வரிவிலக்கு உண்டு என்று போஸ்டரில் போடக்கூடாது. 80ஜி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது, அரிசியாகத் துணியாகக் கொடுத்ததற்கும் கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. கொடுத்தவருக்கு நன்கொடைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மாமா பையன் டாலர் அனுப்புகிறேன் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது, நம் ரூபாய்க் கணக்கில் போட்டாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். அவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கிறார், தன் சம்பாத்தியத்தை பாங்க் வழியாக அனுப்புகிறார் என்றால் பிரச்சினை இல்லை. இவ்வளவு தலைவலி எதற்கு என்று தோன்றினால், அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற பதிவு பெற்ற அமைப்புக்கு ஒவ்வொருவரும் நேராக அனுப்பிவிடுவது உத்தமம். கிளப் பேனர் இருக்காது, அவ்வளவுதான்.

கடைசியாக சோலார் விளக்கு. இப்போது எல்லாக் கிளப்புகளும் இதில்தான் இறங்கியிருக்கின்றன, நல்ல பொருள்தான், வாசலில் ஒரு விளக்கு இருந்தால் பாம்பையும் யானையையும் தூரத்திலேயே பார்க்கலாம். ஆனால் சில வருடத்தில் பாட்டரி போகும். மாற்றுப் பாட்டரி பக்கத்து டவுன் கடையில் கிடைக்கிற ரகமா, அதை மாற்றத் தெரிந்த ஆள் ஊரில் யார், அந்தச் செலவுக்கு யார் பணம் கொடுப்பது, கிளப்பில் யார் அந்த ஃபோனை எடுப்பது என்பதை வாங்கும் முன் கூட்டத்திலேயே பெயர் போட்டு எழுதிவிடுங்கள். யாரும் கை தூக்கவில்லையா, விளக்கு வேண்டாம், அந்தப் பணத்துக்குக் கொசுவலை வாங்குங்கள்.